சீசாவுக்குக் கால் வலிக்காது

சுகிர்தம்,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இதிலும் தாமதம்தான். தினமும் மேஜையில் உட்கார்ந்து உன் பெயரை எழுதுவேன். அதற்குமேல் பேனா ஓடாது. காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பதில் போட்டாயிற்றா என்று உன் அம்மா இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியை ஒட்டியே உனக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ராத்திரி முழுக்க அரக்கோணத்தில் ரயில் பெட்டிகளைக் கோத்துக் கழற்றும் சத்தம் என்று எழுதியிருந்தாய். பெண்கள் விடியுமுன்பே கிராமங்களிலிருந்து நடந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள், மதியம் வரைக்கும் கூட்டம் குறைவதில்லை, களையெடுக்கப் போக வேண்டியவர்கள் போகமுடியாமல் தவிக்கிறார்கள் என்றும் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி. 'அப்பா, ஆம்பூரில் நீங்கள் வைத்த சீசா வரிசையை இங்கேயும் வைக்கப்போகிறேன். ஏழைகளுடைய நேரத்துக்கு மரியாதை கொடுத்த டாக்டர் என் அப்பா என்று, கோவிந்தன் மாமா கதையோடு சேர்த்து, எங்கள் வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.'

பதினோரு நாளாக அந்த இரண்டு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வைக்காதே, சுகிர்தம். ஏன் என்று சொல்லாமல் வைக்காதே என்று மட்டும் எழுதிவிடலாமா என்று பார்த்தேன். நீ கேட்பாய். நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னபிறகு, வகுப்பில் என்னைப் பற்றிச் சொன்னதை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான் பதினோரு நாள்.

சீசா வரிசை உனக்கு விளையாட்டுச் சாமான் போலத்தான் நினைவிருக்கும். டிஸ்பென்சரி வாசல் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக நிற்கும். மருந்து நாங்கள் கொடுப்போம், சீசா அவர்கள் கொண்டுவர வேண்டும். உன் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் இருக்கும். யாருடையது எது என்று தெரிய ஒவ்வொருவரும் கழுத்தில் எதையாவது கட்டிவைப்பார்கள். பச்சைத் துணி, தேங்காய் நார், அறுந்த வளையல். நீ போய் ஒன்றின் துணியை அவிழ்த்து இன்னொன்றில் கட்டிவிட்டு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அந்த வரிசை எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியாது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் முதலாளிகள் சேர்ந்து நடத்திய டிஸ்பென்சரி அது. நான் அவர்களுடைய சம்பள டாக்டர். ஷாப்பு வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காலை ஏழுக்கு அதை அடித்தால் கேட் மூடிவிடும். பிறகு பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். தாமதமாக வந்தவனுக்கு அரை நாள் கூலி கிடையாது. மேஸ்திரிக்கும் வேறு வழி இல்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலை எடுக்கவேண்டிய நேரத்தில் எடுக்காவிட்டால் தோல் கெட்டுவிடும். தோல் யாருக்காகவும் காத்திராது. எனக்கு முன்பிருந்த டாக்டர் எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தார். ஆகவே உடம்பு சரியில்லாதவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மருந்து, அல்லது கூலி. பெரும்பாலும் கூலியைத்தான் தேர்ந்துகொண்டார்கள்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. அவர் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அவருடைய விரல் நகங்கள் ஒன்றுகூட முழுசாக இருக்காது. மிஷன் பள்ளிக்கூடம் என்னைப் படிக்கவைத்தது. அவர் நின்ற ஊருக்கே நான் டாக்டராக வந்தபோது, முதல் வாரமே இந்த ஏற்பாட்டைச் செய்தேன். ஆறரைக்கு நான் வந்துவிடுவேன். ஏழு மணி அடிப்பதற்குள் எல்லோரையும் பார்த்துவிடுவேன். பார்த்து, சீட்டு எழுதி, அந்தச் சீட்டை அவரவர் சீசாவுக்கு அடியில் வைப்பேன். அவர்கள் வேலைக்குப் போய்விடலாம். கம்பவுண்டர் மாசிலாமணி மருந்தைக் கலக்கி ஊற்றிவைப்பான். பன்னிரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்குப் பதிலாகச் சீசா காத்திருக்கும். அவ்வளவுதான்.

நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அது நல்ல ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன், ஆறரைக்கு நான் அங்கே இருக்கும்வரை. முதல் வருஷம் இருந்தேன். மழையிலும் இருந்தேன். நீ பிறந்த அன்றைக்குக்கூட இருந்தேன்.

பிறகு ஆறே முக்கால் ஆயிற்று. பிறகு ஏழு. எப்போது எட்டரை ஆனது என்று கேட்டால் என்னால் சொல்லமுடியாது. ஒருநாள் கூட, நாளையிலிருந்து எட்டரைக்குப் போவோம் என்று நான் முடிவு செய்யவில்லை.

காரணம் என்று ஒன்று வேண்டும் அல்லவா. வழியில் ஷாப்பு முதலாளி பெரிய சாயபுவின் வீடு. நான் குடையோடு போவதைப் பார்த்தால் மாடியிலிருந்தே கூப்பிடுவார். அவருக்கு முழங்கால் வலி இருந்தது உண்மை. அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும் என்பதும் உண்மை. முன்கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. பீங்கான் கோப்பையில் தேநீர். மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகை. அந்த வீட்டுக்கு வெளியே, தெருவில், தலைத்துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு என் அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நாற்காலி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. நான் அதில் உட்கார்ந்தேன். சுகிர்தம், அதில் உட்கார்ந்தபிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பெரிய பாவங்களுக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதற்கு ஒரு நாற்காலிதான் காரணம்.

சாயபுவைக் குற்றம் சொல்லாதே. அவர்தான் சொல்வார், "டாக்டர் சாப், உங்க ஆளுங்க பேஜாராயிடுவாங்க. போங்க, போங்க. முட்டி எங்கேயும் போயிடாது."

ஒருநாள் நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "காத்திட்டிருக்கிறது சீசாங்கதான், சாயபு. சீசாவுக்குக் கால் வலிக்காது."

அவர் சிரித்தார். அவருடைய கணக்கப்பிள்ளை சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவனும் சிரித்தான். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது, ஒரு நல்ல வேடிக்கை சொல்லிவிட்டேன் என்று.

ஆள் காத்திருக்கவில்லை, சீசாதான் காத்திருக்கிறது என்று நான் உண்மையிலேயே நம்பத்தொடங்கியிருந்தேன். எட்டரைக்குப் போனால் வராந்தா காலியாக இருக்கும். ஏழு மணிக்கு எல்லோரும் போயிருப்பார்கள். முனகல் கிடையாது, குழந்தை அழுகை கிடையாது. சுவரின்மேல் சீசாக்கள் மட்டும், வெயிலில் பளபளவென்று. ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் எனக்கு இல்லாமல் போயிற்று. படித்த நாம் வராந்தாவில் குந்தியிருப்பவனைப் பார்த்தால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டேன். குந்தியிருந்தவனைப் பார்க்கவே இல்லை.

நோயாளி போய்விட்டால் வைத்தியம் எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். டாக்டர் அல்லவா நீ. சீசாவை வைத்துவிட்டுப் போகும்போது ஒவ்வொருவரும் மாசிலாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். நான் வந்து மேஜையில் உட்கார்ந்ததும் அவன் சுவரோரமாக நடந்துகொண்டே ஒப்பிப்பான்.

"பச்சைத் துணி, வயித்துப்போக்கு. தேங்கா நாரு, இருமல், ராத்திரில ஜாஸ்தி. வளையல், அதே தலைவலிதான். புருசங்காரன் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டானாம், அதனால ஜாஸ்தி ஆயிடுச்சாம்."

"அதுக்கு நம்மகிட்ட மிக்சர் இல்லியே, மாசிலாமணி."

"இருந்தா முதல்ல நான் குடிச்சிருப்பேனே, டாக்டர்."

இப்படித்தான். நான் சொல்லச்சொல்ல அவன் கலக்குவான். நாடி பார்க்கவில்லை. நாக்கைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. சீசாவுக்கு வைத்தியம் பார்த்தேன். பெரும்பாலோருக்குக் குணமும் ஆயிற்று, அதுதான் துரதிருஷ்டம். பெரும்பாலான நோய்கள் டாக்டர் இல்லாமலே குணமாகும் என்பது உனக்கும் போகப்போகத் தெரியும்.

இப்போது கோவிந்தன். உனக்கு அப்போது ஐந்து வயது. ஐப்பசி மழை. அவர் பச்சைத் தோல் பிரிக்கிற இடத்தில் வேலை செய்தார். அவர் என்று எழுதுகிறேன். இருபது வருஷம் அவன் என்றே சொல்லிவந்தேன். மாட்டுத் தோல் மூட்டையை அவிழ்த்து, உப்பை உதறி, தோளில் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகிற வேலை. அவருடைய சீசாவில் ஒரு தோல் வார் கட்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாசிலாமணி ஒப்பித்தான். "தோல் வாரு. கழுத்துல கொப்புளம். வலி இல்லையாம்."

நான் சொன்னேன், "வலி இல்லன்னா இன்னாத்துக்கு டாக்டரு? ஒரு மிக்சர் ஊத்து. போரிக் களிம்பு கொஞ்சம் குடு."

இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். நீ படித்தவள், உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய், பச்சைத் தோலைத் தோளில் போடுகிறவனுக்கு அந்த இடத்திலேயே வரும். கொப்புளம். நடுவில் கரியைப்போல் கறுப்பு. சுற்றிலும் வீக்கம். வலி இருக்காது. வலி இல்லை என்பதுதான் அடையாளமே. தோல் ஷாப்பு டாக்டர் ஒருவனுக்கு வேறு எது மறந்தாலும் அது மறக்கக்கூடாது. வலி இல்லை என்ற வார்த்தை மாசிலாமணி வாயிலிருந்து என் காதுக்கு ஒழுங்காக வந்தது. நான் அதை வைத்து ஒரு வேடிக்கை செய்தேன். அந்தக் கழுத்து என் எதிரில் இருந்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன். எதிரில் இருந்தது சீசா.

புதன்கிழமை. "தோல் வாரு. காய்ச்சல். வீக்கம்."

"குயினைன் மிக்சர்."

வியாழக்கிழமை காலை சாயபு வீட்டில் இருந்தேன். எட்டு மணி இருக்கும். இரண்டாவது கோப்பை. வாசலில் ஏதோ பேச்சுச் சத்தம். காவல்காரன் ஒரு பெண்ணை நிறுத்திக்கொண்டிருந்தான். நனைந்த சேலை. கையில் சீசா. கோவிந்தனுடைய மனைவி பச்சையம்மா. அப்போது அவளை எனக்குத் தெரியாது. சீசாவில் இருந்த தோல் வாரைத்தான் அடையாளம் தெரிந்தது.

"இங்கெல்லாம் வரக்கூடாது, போ, டிஸ்பென்சரிக்குப் போ" என்றான் காவல்காரன்.

"அங்கதான் ரெண்டு நாளா போய்க்கினு இருக்குது இது" என்று சீசாவைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். கூச்சல் போடவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "டாக்டரையா, சீசாவுக்குக் கால் வலிக்காதுன்னு சொன்னீங்களாமே. அதான் சீசாவ எடுத்தாந்துட்டேன். ஆளால எய்ந்திரிக்க முடியல."

அந்த வேடிக்கை அந்த முன்கூடத்தைவிட்டு வெளியே போயிருக்காது என்று நினைத்திருந்தேன். தேநீர் கொண்டுவந்தவனுடைய அண்ணன் ஷாப்பில் வேலை செய்தான். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்காக அவர்கள் அதைத் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டு, காலையில் வந்து மரியாதையாகச் சீசாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சாயபு எழுந்து நின்றுவிட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். இதை உனக்கு எழுதவேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடி, கோப்பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த கதை. மழையில் ஓடினேன். அவருடைய குடிசையில் வைத்தே, கொப்புளத்தைச் சுற்றி ஆழமாக வெட்டியெடுத்துக் கார்பாலிக் அமிலத்தால் சுட்டேன். சாயபுவின் வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், மதிய ரயிலில் நானே கூடப் போய் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நடந்தது. ஒன்றும் பொய் இல்லை. நம் வீட்டில் சொல்லப்பட்ட கதை வியாழக்கிழமை ஆரம்பிக்கும், அவ்வளவுதான். செவ்வாயும் புதனும் அதில் கிடையாது.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். உயிர் இருந்தது. வெட்டிய இடம் ஆறி, சுருங்கி, கழுத்தை இடதுபக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை பார்த்திருந்தால் ஒரு ரூபாய்க் காசு அகலம் வெட்டினால் போதும். வியாழக்கிழமை உள்ளங்கை அகலம் வெட்டவேண்டியிருந்தது. மூட்டை தூக்க முடியாது என்பதால் கேட்டில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து தண்டவாளத்தை அடிப்பது அவர்தான். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடும் திரும்புவார். நீ சின்ன வயதில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பாய். அவர் சட்டென்று முழுசாகத் திரும்பி "ஏ பாப்பா" என்று பயமுறுத்துவார். நீ ஓடுவாய். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னைப் பாராட்டினார்கள். ஒரு கூலிக்காரனுக்காக டாக்டர் மழையில் ஓடினார் என்று நம் மிஷன் கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். ஷாப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள், நோயாளிகளிடம் சீக்கிரம் போக. நீ முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன அதே சைக்கிள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நிறையச் சந்தர்ப்பம் இருந்தது. மாலையைக்கூடக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அன்று கூட்டத்தில் பச்சையம்மா இருந்தாள். என் கண் அவளைத் தேடியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்று கேள். மூன்று மாதம் ஆறரைக்குப் போனேன். சைக்கிளில் போனால் சாயபு வீட்டைச் சீக்கிரமாகவே தாண்டிவிடலாம். நாலாவது மாதம் ஆறே முக்கால். பிறகு ஏழு. எட்டரை வரைக்கும் மறுபடி போகவில்லை, ஏழரையில் நின்றது. ஏழரை என்றாலும் கேட் மூடியிருக்கும். கேட்டுக்கு உள்ளே போனவனுக்கு ஏழரையும் எட்டரையும் ஒன்றுதான். சீசா வரிசையை எடுக்கவும் இல்லை. வெளியூரிலிருந்து யாராவது பெரிய மனிதர் வந்தால் ஷாப்புக்காரர்கள் அதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் டாக்டருடைய ஏற்பாடு என்று சொல்வார்கள். அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டே மெச்சிவிட்டுப் போவார். எப்படி எடுப்பது? நான் வேலையைவிட்டு இறங்கியவரைக்கும் அது அங்கேதான் இருந்தது.

உன் அம்மாவுக்குத் தெரியும். தினமும் காலையில் "மணி ஆறேகால் ஆச்சுங்க" என்று சொல்வாள். பல வருஷம் சொன்னாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

உன் கடிதம் வந்தபிறகு எனக்கு ஒன்று தோன்றியது. உனக்கு எழுதுமுன் கோவிந்தனிடம் போய்ச் சொல்லவேண்டும். செவ்வாய், புதன் இரண்டையும். என் பாரத்தை இறக்கிவைக்க ஒரு கிழவரைத் தேடிப் போகிறேனா என்றும் தோன்றியது. அதுவாகவே இருக்கலாம். ஆனாலும் நேற்றுப் போனேன்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கேட் மூடியிருந்தது. அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஆபீஸ் ஜன்னல் கம்பி வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு உடம்போடும் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"கோவிந்தா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"செத்த நில்லுங்க, டாக்டரையா. மணி அடிச்சிட்டு வந்துர்றேன். இத்த வுட்டு நவுந்தா மேஸ்திரி கத்துவாரு."

நின்றேன். அந்த ஷாப்பு வாசலில் நிழல் கிடையாது என்பது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ஆவாரம்பட்டை நாற்றம். மூன்று நான்கு பெண்கள் புருஷன்மாருக்குச் சோறு கொண்டுவந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள். கால் மாற்றிக் கால் நின்றேன். குடையை விரித்தேன், மடக்கினேன். இருபது நிமிஷம், சுகிர்தம். சொல்லவேண்டிய வார்த்தைகளை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் அவை ஒன்றும் இல்லை. கால் வலி மட்டும் இருந்தது.

அடித்தார். பன்னிரண்டு அடி. கேட்டைத் திறந்துவிட்டு, ஆட்கள் போனபிறகு, வெளியே வந்தார். சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். கொப்புளம் என்று சொன்னார்கள், வலி இல்லை என்றும் சொன்னார்கள், நான் களிம்பு கொடுக்கச் சொன்னேன், அப்போது எனக்கு நேரம் ஆகியிருந்தது, அதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒழுங்கில்லாமல் சொன்னேன்.

"தெரியுங்களே" என்றார்.

"என்ன தெரியும்?"

"இன்னா தெரியும்னா, மொத நாளு நானு சீசாவ வெச்சிட்டுப் போயிடல. குந்திக்கினு இருந்தேன். எங்க சித்தப்பன் அந்தக் கொப்புளத்துல தான் செத்தாரு. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி அது இன்னான்னு."

"மாசிலாமணிகிட்ட அதைச் சொல்லியிருக்கலாமேப்பா. பேரைச் சொல்லியிருந்தா..."

"எப்படி சொல்றது? அவரு நல்ல மனுசன்தான், வாயி நிக்காது. கருங்கொப்புளம்னு வெளிய தெரிஞ்சா கேட்டுக்கு இந்தாண்ட நிறுத்திடுவாங்க. அப்புறம் எவன் வேலைக்கு வெப்பான்? உங்ககிட்ட தனியா காட்டணும்னு இருந்தேன். நீங்க பாத்தா போதும், உங்க வாயில இருந்து வெளிய போவாது. அதான் அவர்கிட்ட சும்மா கொப்புளம், வலி இல்லைன்னு சொன்னேன். நீங்க டாக்டரு, வலி இல்லைன்னா புரிஞ்சிக்குவீங்கன்னு நெனச்சேன்."

அவர் முழு உடம்போடும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"ரோட்டு முனையையே பாத்துக்கினு இருந்தேங்க. வெள்ளைத்துணி போட்ட குடைதானே உங்களுது. மழை வேற. ரெண்டு வாட்டி குடையப் பாத்து எய்ந்து நின்னுட்டேன். ஒண்ணு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. இன்னொண்ணு தபால்காரரு." சிரித்தார். அவர் சிரிக்கும்போது கழுத்துத் தழும்பு இழுத்துக்கொள்கிறது. "அப்புறம் மணி அடிச்சிட்டாங்க. போய்ட்டேன்."

இருபது வருஷமாக, நான் இல்லாத அந்த அரைமணி நேரத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து, தன் நோயின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதை என் ஒருவனிடம் சொல்வதற்காகக் குடைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சீசாவில் எதையும் கட்டி அனுப்பலாம். அதை அனுப்ப முடியாது. உன் வராந்தாவில் வந்து உட்கார்கிற பெண்களிடம் அப்படிப்பட்ட வார்த்தைகள் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கம்பவுண்டரிடம் தலைவலி என்றுதான் சொல்வார்கள். வளையல் கட்டிய சீசாக்காரி தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே. அவள் தலையில் என்ன அடி பட்டிருந்தது என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. நேற்றுத்தான் அவள் நினைவு வந்தது. பெயர்கூடத் தெரியவில்லை.

"சுகிர்தத்துக்கு இதை எழுதப்போறேன்" என்றேன்.

"ஐயய்யோ, வேணாங்க. சின்னப் புள்ளைல என்னைப் பாத்து கழுத்தச் சாச்சிக்கினு வரும். இது தெரிஞ்சா அதை நெனச்சி அழுவும். இன்னாத்துக்கு? நீங்க உயிர் குடுத்தீங்க, அதச் சொல்லியிருக்கீங்க, அதுவே இருக்கட்டும்."

அவர் சொன்னதையும் மீறித்தான் எழுதுகிறேன். அவரிடம் நான் செய்யும் இன்னொரு குற்றமாக இது இருக்கட்டும். நீ அழுதால் அவருக்குத் தெரியவேண்டாம்.

கிளம்பும்போது ரோடு வரைக்கும் கூட வந்தார். சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தார். பழைய சைக்கிள்தான். நான் ஏறப்போகும்போது முழுசாக என் பக்கம் திரும்பி, வேறு எதையோ விசாரிப்பதுபோல், ஊர்ச் சேதி கேட்பதுபோல், ஒன்று கேட்டார்.

"பாப்பா அங்க எத்தினி மணிக்குங்க வருது, ஆஸ்பத்திரிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தில் வீடு இருந்தது, ரயில் சத்தம் இருந்தது, பெண்கள் விடியுமுன் வந்து உட்கார்ந்துவிடுவது இருந்தது. நீ வருகிற நேரம் இல்லை. பதினோரு நாளாகப் படித்த கடிதம், எனக்கு வரிவரியாகத் தெரியும், அதில் அது இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

உனக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னால் அங்கே போய் நிற்பேன். அவருக்குப் பதில் சொல்லவேண்டும்.

எத்தனை மணிக்கு வருகிறாய், சுகிர்தம்?

உன் அப்பா